6. இழை வழியே வெளிச்சம்

பூவேலை செய்த துணிக்குப் பின்னால் சீரியல் லைட்டை ஒட்டிவைத்தாலும் துணி மின்னும். இந்த அத்தியாயத்தில் அதைச் சொல்லித்தரப் போவதில்லை. நாம் செய்யப்போகும் வேலையில் கம்பி கிடையாது, ஈயப் பற்றும் கிடையாது. தைக்கிற நூலே மின்சாரத்தைச் சுமந்துபோகும். எந்தத் தையல் துணியின் மேலே வருகிறது, எது அடியில் போகிறது என்பதைப் பொறுத்தே விளக்கு எரியும், அல்லது எரியாமல் போகும். தையலைப் பிரித்தால் விளக்கு அணைந்துவிட வேண்டும். இந்தக் கலையில் நல்ல வேலை எது, ஒட்டுவேலை எது என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் அது ஒன்றுதான்.

எம்பிராய்டரி தெரிந்தவர்கள் பலர் 'எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதே' என்று தயங்குவதைப் பார்க்கிறேன். பத்து வருடம் ஊசி பிடித்த கைக்கு, இந்த வேலைக்கு வேண்டிய மின்னியல் இரண்டு மாலை நேரத்தில் வந்துவிடும். மின்னியல் படித்தவருக்குச் சீரான தையல் இரண்டு மாலையில் வராது. ஆகவே தைக்கத் தெரிந்தவர்கள் தைரியமாக உட்காருங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருப்பதுதான் இதில் கடினமான பாதி.

இந்த வேலை எங்கிருந்து வந்தது

தறிக்கும் கணினிக்கும் உள்ள உறவு பழையது. 1804-ல் பிரான்சில் ஜோசப் மாரி ஜக்கார்டு, எந்தப் பாவு இழை எப்போது எழ வேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளில் பதித்துவைத்தார். அந்த அட்டை முறையைத்தான் பிறகு சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரத்துத் தறிகளின் தலைமேல் தொங்கும் துளை அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். அவையும் அதே குடும்பம்தான்.

அப்பல்லோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினியில் நிரலைக் கையால் கோத்தே வைத்தார்கள். அமெரிக்காவின் வால்தாம் நகரில் ரேதியான் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து, சின்னஞ்சிறு காந்த வளையங்களின் ஊடே மெல்லிய கம்பியைச் செலுத்தினார்கள். கம்பி வளையத்துக்குள் புகுந்து போனால் 1, வெளியே சுற்றிப் போனால் 0. நிலவுக்குப் போன கணினியின் நிரந்தர நினைவகத்தில் 36,864 சொற்களுக்கு இப்படி இடமிருந்தது. ஓரிடத்தில் கோப்பு பிசகினால் நிரலே பிசகும். பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டும். பூவேலை செய்கிறவர்களுக்கு இந்த வேதனை புதிதல்ல.

துணியையே மின்சுற்றாக்கும் முயற்சி 1990-களில் சூடுபிடித்தது. எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ரெஹ்மி போஸ்ட், மேகி ஓர்த் இருவரும் 1997-ல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய துணிகளில் ஒன்று, ஊடை இழையில் செம்புத் தகடு சுற்றிய பட்டு ஆர்கன்சா. பட்டு இழைமேல் உலோகத் தகட்டைச் சுற்றுவது என்றதும் உங்களுக்குச் சரிகை நினைவுக்கு வந்திருக்கும். வரத்தான் வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

2007-ல் லியா பியூக்லி வடிவமைத்த 'லில்லிபேட் ஆர்டுவினோ' கடைக்கு வந்தது. நிரலால் இயக்கும் சின்னக் கணினி அது; 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டப் பலகை. பூவிதழ் போல விளிம்பைச் சுற்றித் துளைகள். ஈயம் வைத்துப் பற்றவைக்காமல், அந்தத் துளைகளில் நூலை ஓட்டித் தைத்தாலே இணைப்பு கிடைத்துவிடும். இந்தச் சின்ன மாற்றம் யார் யாரை மேசைக்கு அழைத்துவந்தது என்பதை 2010-ல் பியூக்லியும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் எண்ணிப் பார்த்தார்கள். அவர்கள் திரட்டிய லில்லிபேட் படைப்புகளில் 65 சதவீதம் பெண்கள் செய்தவை. சாதாரண ஆர்டுவினோ பலகையில் அந்த அளவு 2 சதவீதம்தான். பெண்களுக்குக் கணினியில் ஆர்வமில்லை என்று சொல்லிவந்தவர்களுக்கு ஊசித் துளை ஒன்று பதில் சொன்னது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

கலையாக இது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டும் படைப்புகள் இரண்டைச் சொல்கிறேன். மாண்ட்ரியாலில் ஜோவானா பெர்சோவ்ஸ்கா 2005-ல் செய்த 'குக்கியா' என்ற உடையில், கழுத்தோரத்துத் துணிப்பூக்கள் தாமாக விரிந்து சுருங்கும். சூடேறினால் பழைய வடிவத்துக்குத் திரும்பும் நிட்டினால் கம்பியை உள்ளே வைத்துத் தைத்திருப்பார். இரண்டாவது, எப்ரு குர்பாக், ஐரீன் போஷ் இருவரும் 2018-ல் முடித்த 'பூவேலைக் கணினி'. தங்கக் கம்பி, மணி, கல் என்று தங்க ஜரிகை வேலைக்குரிய பொருள்களைக்கொண்டே ரிலே எனப்படும் மின்காந்த சுவிட்சுகளைத் தைத்து, 8-பிட் கணினி ஒன்றைத் துணியில் உண்டாக்கினார்கள். அலங்காரம் என்று நாம் நினைக்கும் தங்கச் சுருள்களே அதில் கணக்குப் போடுகின்றன. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த வேலை அது. என் அளவுகோலில் அது முழு மதிப்பெண் பெறும்.

நூலைத் தெரிந்துகொள்ளுங்கள்

மின்சாரம் கடத்தும் நூல் இரண்டு வகையில் கிடைக்கிறது. ஒன்று துருப்பிடிக்காத எஃகு இழைகளை முறுக்கியது. சாம்பல் நிறம், சற்று முரடு. வருடங்கள் போனாலும் குணம் மாறாது. மூன்று புரி எஃகு நூலில் ஓர் அடிக்குச் சுமார் 10 ஓம் மின்தடை இருக்கும். மற்றது வெள்ளி பூசிய நைலான். மிருதுவானது, தைக்கச் சுகமானது. ஆனால் வெள்ளிக் கொலுசு போலவே கறுக்கும். கறுக்கக் கறுக்க மின்தடை ஏறும். சுவரில் மாட்டி வருடக்கணக்கில் இருக்க வேண்டிய வேலைக்கு நான் எஃகைத்தான் எடுப்பேன்.

இனிச் சரிகை. அசல் காஞ்சிச் சரிகை என்பது பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்கமுலாம் பூசியது. அது மின்சாரத்தைக் கடத்தும். செம்பை வைத்துச் செய்த சரிகையும் பெரும்பாலும் கடத்தும். பளபளக்கும் பிளாஸ்டிக் சரிகையை நம்பாதீர்கள். அதன் உலோகப் பூச்சு மிக மெல்லியது, மேலே மெருகும் இருக்கும். எது எதுவென்று கண்ணால் சொல்ல முடியாது. மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, இழையின் இரு முனைகளிலும் ஊசிகளை வையுங்கள். ஒலித்தால் எடுத்துக்கொள்ளலாம். கிழிந்துபோன பழைய பட்டுப்புடவையின் கரையில் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள். கரையில் சரிகை இழைகள் ஒன்றையொன்று தொட்டபடி நெருங்கிக் கிடப்பதால், கரை முழுவதுமே ஒரே உலோகத் தகடு போல நடந்துகொள்ளக்கூடும். தொட்டால் உணரும் பரப்பாக அதைப் பயன்படுத்தலாம். தனித்தனி இணைப்புகள் போட அது உதவாது. உடுத்தத் தகுந்த நிலையில் இருக்கும் புடவையை மட்டும் இதற்காக வெட்டாதீர்கள்.

வேறு எந்தச் சாமானை விட்டாலும் மல்டிமீட்டரை விடாதீர்கள். மலிவானதே போதும். தையலுக்குக் கத்தரிக்கோல் எப்படியோ, இந்த வேலைக்கு அது அப்படி.

நான்கு புள்ளி, இரண்டு இழை

முதல் பயிற்சியாகச் சிக்குக் கோலம் ஒன்றைத் தைப்போம். அழகுக்காக மட்டும் அதை எடுக்கவில்லை. மின்சுற்றுக்கு வேண்டிய இரண்டு குணங்கள் அதில் இயல்பாக இருக்கின்றன, தைக்கும்போது தெரியும்.

வேண்டியவை: 30 சென்டிமீட்டர் சதுரத்தில் கெட்டியான காடாத் துணி, எம்பிராய்டரி பிரேம், மூன்று புரி எஃகு நூல் இரண்டு மீட்டர், அதைப் பிடித்துத் தைக்கச் சாதாரணப் பருத்தி நூல், 5 மில்லிமீட்டர் சிவப்பு எல்.இ.டி. நான்கு, சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி ஒன்று, அதைத் துணியில் தைத்துவைக்கும் கூடு, நுனி மெல்லிய குறடு, மல்டிமீட்டர். நான்கு விளக்கும் ஒரே நிறமாக இருக்கட்டும். சிவப்பு விளக்கு 2 வோல்ட் அளவிலேயே எரியத் தொடங்கும். வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம் வேண்டும். இரண்டையும் கலந்து தைத்தால் மின்னோட்டம் முழுவதையும் சிவப்பே இழுத்துக்கொள்ளும். வெள்ளை எரியாது, நீங்கள் இல்லாத தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

துணியின் நடுவில் ஆறு ஆறு சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நான்கு புள்ளி வையுங்கள். கீழ் இடது புள்ளியையும் மேல் வலது புள்ளியையும் சேர்த்து வளைக்கும் நீள்வட்டம் ஒன்றைச் சிவப்புப் பென்சிலால் வரையுங்கள். மற்ற இரு புள்ளிகளை வளைத்து நீலத்தால் இன்னொன்று. இரண்டும் குறுக்காக விழும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே, நான்கே நான்கு இடங்களில் அவை வெட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் போட்டுப் பழகியவர்களுக்குக் கை தானாக வரும். சிவப்புதான் நம் பிளஸ் இழை, நீலம் மைனஸ் இழை. ஒவ்வொன்றும் 34 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்.

மைனஸ் இழையை முதலில் தையுங்கள். எஃகு நூலைக் கோட்டின்மேல் படுக்கவைத்து, அரை சென்டிமீட்டருக்கு ஒருமுறை பருத்தி நூலால் குறுக்கே பிடித்துத் தைப்பதே நல்ல முறை. ஆரி வேலையில் தடித்த சரிகையை இப்படித்தான் பிடிப்போம். எஃகு நூலை ஊசியில் கோத்து ஓட்டுத் தையல் போடவும் செய்யலாம். ஆனால் அது வளைவுகளில் முறுக்கு அவிழ்ந்து பிசிறு விடும். சந்திப்புக்கு அரை சென்டிமீட்டர் முன்னால் எஃகு நூலைப் பெரிய கண் ஊசியில் ஏற்றி, துணிக்கு அடியில் இறக்கி, சந்திப்பைத் தாண்டி அரை சென்டிமீட்டரில் மேலே எடுங்கள். நான்கு சந்திப்பிலும் இப்படி. முடிவில் நூலை ஆரம்பத்தின்மேல் 2 சென்டிமீட்டர் ஏற்றி, நெருக்கமாகச் சுற்றிக் கட்டி வளையத்தை மூடுங்கள்.

பிளஸ் இழையை முழுவதும் துணியின் மேலேயே தையுங்கள். சந்திப்புகளில் பிளஸ் மேலே போகும், மைனஸ் அடியில் போகும், நடுவில் காடாத் துணி நிற்கும். மின்சாரத்தைத் தடுக்க அந்தத் துணியே போதும். சிக்குக் கோலத்தில் இழை ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்குவது போலத் தெரிவதை இங்கே நிஜமாகவே செய்கிறோம்.

கோலத்தின் இன்னொரு குணம், அதன் இழை மூடிய வளையம் என்பது. எந்தப் புள்ளிக்கும் மின்சாரம் இரு பக்கமாகவும் வந்துசேர்கிறது. ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மறுபக்கம் வழியாக விளக்கு எரியும். திறந்த கோடாகத் தைத்திருந்தால் அறுந்த இடத்துக்கு அப்பால் எல்லாம் இருட்டுதான்.

விளக்குகளை வைக்குமுன் ஒரு சோதனை. மல்டிமீட்டரின் ஒரு ஊசியைப் பிளஸ் இழையிலும் மற்றதை மைனஸ் இழையிலும் வையுங்கள். ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் ஏதோ ஒரு சந்திப்பில் இரண்டும் தொடுகின்றன. துணியைத் திருப்பிப் பார்த்துச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

எல்.இ.டி.யின் நீண்ட கால் பிளஸ். அதைக் குறடால் சதுரமாகச் சுருட்டுங்கள். குட்டைக் காலை வட்டமாகச் சுருட்டுங்கள். துணியில் உட்கார்ந்த பிறகு எந்தக் கால் நீளம் என்று பார்க்க முடியாது, வடிவம்தான் சொல்லும். ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு விளக்கு. பிளஸ் நீள்வட்டத்துக்குள் இருக்கும் இரு புள்ளிகளில், சதுரக் கால் வெளிமூலையைப் பார்க்கட்டும், வட்டக் கால் கோலத்தின் நடுவைப் பார்க்கட்டும். அந்தப் பக்கத்தில்தான் மைனஸ் இழை ஓடுகிறது. மற்ற இரு புள்ளிகளில் இதைத் திருப்பிப்போடுங்கள். சுருட்டிய காலுக்கும் இழைக்கும் நடுவே சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். அதை எஃகு நூலால் தைத்து இணையுங்கள். சுருளுக்குள் நான்கு முறை இறுக்கிச் சுற்ற வேண்டும். இங்கே தளர்ந்தால் எல்லாம் தளரும். விளக்கு மினுக்மினுக்கென்று நடுங்குகிறது என்றால், பெரும்பாலும் இந்தச் சுருளில்தான் கோளாறு.

பேட்டரிக் கூட்டைக் கோலத்துக்குக் கீழே, நடுவில் வையுங்கள். இடப்பக்கம் பிளஸ் இழையும் வலப்பக்கம் மைனஸ் இழையும் அங்கே வெளிவிளிம்பில் கிடைக்கும். குறுக்கே எதையும் தாண்டாமல் இரண்டையும் இணைத்துவிடலாம். பிளஸ் இணைப்பின் நடுவே ஒரு விரற்கடை விட்டு, ஒரு முனையில் ரவிக்கைக் கொக்கியைத் தையுங்கள். மறுமுனையில், கொக்கி மாட்டுவதற்குக் கட்டும் நூல்வளையத்தை எஃகு நூலாலேயே கட்டுங்கள். கொக்கியை மாட்டினால் கோலம் எரியும், கழற்றினால் அணையும். கடையில் வாங்கும் சுவிட்சை ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

முடிச்சுகளின் நுனியில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் ஒட்ட நறுக்குங்கள். எஃகு நூல் விறைப்பானது. நறுக்கிய வால் தானாக நிமிரும். நான் தைத்த முதல் துண்டு, சட்டத்தில் மாட்டும்வரை நன்றாக எரிந்தது. மாட்டியதும் அணைந்தது. பின்புறம் விட்டிருந்த அரை சென்டிமீட்டர் வால், சட்டத்தின் அழுத்தத்தில் பக்கத்து இழையைத் தொட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் பிடித்தது. ஒன்றுமே எரியாமல் பேட்டரி சூடானால், உடனே பேட்டரியைக் கழற்றிவிட்டுப் பின்புறத்து வால்களைத்தான் முதலில் பாருங்கள்.

பேட்டரி விஷயத்தில் கண்டிப்பாக ஓர் எச்சரிக்கை. பட்டன் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் உண்டாகக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூட்டுக்குமேல் துணிப்பையை மூடித் தையுங்கள். தீர்ந்த பேட்டரியையும் மேசையில் விடாதீர்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

இயந்திரத்துக்குப் போகும்போது

இதே கோலத்தைக் கணினி எம்பிராய்டரி இயந்திரத்தில் தைக்கலாம். வடிவத்தை உருவாக்க இலவசமாகவே இரண்டு மென்பொருள்கள் இருக்கின்றன. 'இங்க்ஸ்டிச்' என்பது இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளுடன் சேர்ந்து இயங்குவது. வரைந்த கோட்டைத் தையலாக மாற்றித்தரும். 'டர்ட்டில்ஸ்டிச்' என்பதில் 'இத்தனை அடி முன்னே போ, இத்தனை பாகை திரும்பு' என்று கட்டளைகளை அடுக்கினால் தையல் உருவாகும். கோலத்துக்கு இரண்டாவதுதான் பொருத்தம். 1974-லேயே கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் மூவரும் கோல வடிவங்களைக் கணினிக்கான இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். கோலம் போடுகிறவர் மனத்தில் ஓடுவது கட்டளை வரிசைதான் என்பதை டர்ட்டில்ஸ்டிச்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நீங்களே உணர்வீர்கள்.

கடத்தும் நூலை இயந்திரத்தின் மேல்நூலாகப் போடாதீர்கள். இறுக்கத் தட்டுகளிலும் ஊசிக் கண்ணிலும் உரசி அறும். பாபினில் சுற்றுங்கள், மேலே சாதாரண பாலியஸ்டர் நூல் போதும். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். பாபின் நூல் துணியின் அடியில்தான் வரும். பிளஸ், மைனஸ் இரண்டையும் பாபினில் போட்டுத் தைத்தால், இரண்டும் பின்புறத்திலேயே ஓடி நான்கு சந்திப்பிலும் ஷார்ட் ஆகிவிடும். மைனஸ் இழையை இயந்திரம் தைக்கட்டும். பிளஸ் இழையைக் கையால் மேலே படுக்கவைத்துத் தையுங்கள். கைவேலைமேல் உள்ள பாசத்தால் இதைச் சொல்லவில்லை. இந்த வடிவத்துக்கு மின்சுற்று கேட்கும் வேலைப் பங்கீடே அதுதான்.

விளக்கு மூச்சுவிடுவது போல ஏறி இறங்க வேண்டுமானால், பேட்டரிக்குப் பதில் லில்லிபேட் போன்ற பலகையைத் தையுங்கள். மைனஸ் இழை தரை முனைக்கு; பிளஸ் இழை, வெளிச்சத்தைப் படிப்படியாக மாற்றும் முனை ஒன்றுக்கு. அப்போது ஒவ்வொரு விளக்கின் காலுடனும் 330 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துத் தைக்க வேண்டும். நான்கும் சேர்ந்து 16 மில்லிஆம்பியர் அளவுக்குள் நிற்கும். பலகையின் ஒற்றை முனை அதைத் தாங்கும். பட்டன் பேட்டரியில் மின்தடை இல்லாமல் தப்பித்தது, அந்தப் பேட்டரியால் அதிக மின்னோட்டம் தர முடியாது என்பதால்தான். பலகையின் மின்சாரம் அப்படியல்ல. கண்காட்சியில் நாள் முழுவதும் எரிய வேண்டிய வேலைக்கும் பட்டன் பேட்டரி போதாது, இரண்டு ஏ.ஏ. பேட்டரியும், விளக்குக்கு 100 ஓம் மின்தடையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே படிக்க விரும்புகிறவர்கள், மிக்கா சட்டோமியும் ஹன்னா பெர்னர்-வில்சனும் 'கோபாகாண்ட்' என்ற பெயரில் சேர்ந்து தொகுத்த செய்முறைகளைத் தேடிப் பாருங்கள். அழுத்தத்தை உணரும் துணி, இழுத்தால் உணரும் பின்னல் என்று நூற்றுக்கணக்கான சிறு சோதனைகளைப் படத்துடன் இலவசமாகத் தந்திருக்கிறார்கள்.

முடித்தபின்

துவைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கையால் அலசி, நிழலில் முழுவதும் காயவிட்டுத்தான் மறுபடி பேட்டரியை வைக்க வேண்டும். விளக்கின்மேல் இஸ்திரி படக் கூடாது. மாட்டாமல் எடுத்துவைக்கும்போது மடிக்காதீர்கள். மடித்தால் இழையும் இழையும் தொடும். உருளையில் சுற்றி, நடுவே மெல்லிய துணி கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. தயவுசெய்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். துணியின் பின்புறத்தில் ஒரு சின்னப் பட்டித் துணியை வைத்து, அதில் உங்கள் பெயர், தைத்த வருடம், நூலின் வகை, பேட்டரியின் எண், பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்பதைச் சாதாரணப் பருத்தி நூலால் தைத்துவையுங்கள். விளக்கு ஒருநாள் பழுதாகும். அன்று அதைச் சரிசெய்ய உட்காருகிறவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.